பின் எஞ்சின் பீட்டிலில் காற்றோட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி, எஞ்சின் பின்பக்கம் இருக்கும் 1968 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், தஞ்சாவூரில் ஓடுவது. பழைய 1300 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, அதே நிறுவனத்தின் 1600 சிசி இரட்டை போர்ட் எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் உள்ளிழுக்கும் வாய் இரண்டு) ஏற்றியிருக்கிறார்கள். இரட்டை கார்புரேட்டர், நான்கு குழாயும் ஒன்றுசேரும் எக்ஸாஸ்ட். எக்ஸாஸ்ட் சூட்டை வண்டிக்குள் அனுப்பும் ஹீட்டர் பெட்டிகளைக் கழற்றி வெறும் குழாய் போட்டாயிற்று. எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி அது இல்லாமல் இப்படிப்பட்ட வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது.

புகார் இதுதான். தஞ்சாவூரில் கிளம்பி கும்பகோணம் சாலையில் பாபநாசம் வருவதற்குள் ஆயில் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டுகிறது (இந்த ஆய்வில் வெப்பம் எல்லாம் செல்சியஸ்). ரயில்வே கேட்டில் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்கிறது. பரிகாரமாக எஞ்சின் மூடியின் கீழ் விளிம்பை 50 மில்லிமீட்டர் தூக்கி, இரண்டு குழாய்த் துண்டு கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள். பார்க்கக் காற்று நன்றாகப் போகும்போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு சூடு ஏறியது; கூடவே வண்டிக்குள் புகை நாற்றமும் சேர்ந்துகொண்டது.

இந்த எஞ்சினில் காற்று போகும் வழி

பீட்டிலுக்கு ரேடியேட்டர் கிடையாது. டைனமோ தண்டில் மாட்டிய ஃபேன், பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள கீற்றுத் துளைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, தகடு மூடிய கூட்டுக்குள் அழுத்தி, நான்கு சிலிண்டரின் ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் செதில்கள்) நடுவே மேலிருந்து கீழாகத் தள்ளுகிறது. சுட்ட காற்று வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. 1600 எஞ்சினின் ஃபேன், எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 500 லிட்டருக்கு மேல் தள்ளும்.

இந்த ஏற்பாடு நிற்பது ஒரே ஒரு விஷயத்தில். எஞ்சினுக்கு மேலே இருப்பது குளிர் அறை, கீழே இருப்பது சூட்டு அறை. இரண்டுக்கும் நடுவே எஞ்சினைச் சுற்றி ஓடும் தகடுகளும் விளிம்பு ரப்பரும்தான் சுவர். ஃபேன் இழுப்பதால் மேல் அறையில் காற்றழுத்தம் எப்போதும் வெளியைவிடக் குறைவு. ஆகவே அந்தச் சுவரில் எங்கே சந்து இருந்தாலும் கீழேயிருக்கும் சூட்டுக் காற்று மேலே ஏறும். ஒருபோதும் மேலிருந்து கீழே கசியாது. கரையில் உடைப்பு இருக்கும்போது தலைமதகை இன்னும் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடுமா? இங்கே நடந்திருந்ததும் அதுதான்.

முதலில் காற்று அல்லாத காரணங்கள்

அளக்கத் தொடங்குமுன் இவற்றைச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பற்றவைப்புக் கோளாறைக் காற்றின் தலையில் கட்டிவிடுவோம். ஸ்ட்ரோப் விளக்கு வைத்துப் பார்த்ததில் 3,500 சுற்றில் பற்றவைப்பு டைமிங் 36 டிகிரி (இது கிராங்க் தண்டின் கோணம்) முன்னால் இருந்தது, 30க்குக் கொண்டுவரப்பட்டது. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர். பிளக் நுனிகள் வெளுத்திருந்தன, அதாவது பெட்ரோல் போதவில்லை; அதனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் ஒரு படி பெரிதாக்கப்பட்டது. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் போல உள்வாங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கப்பியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள வளையங்களில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் மாட்ட வேண்டும். இதற்குப் பிறகு எடுத்த அளவுதான் அடிப்படை அளவு.

அளக்கும் கருவிகள்

விலை உயர்ந்த எதுவும் தேவைப்படவில்லை. வெப்பத்துக்கு கே வகைத் தெர்மோகப்பிள் நான்கு: ஒன்று 1ஆம் சிலிண்டர் ஸ்பார்க் பிளக்கின் வாஷர் இடத்தில், ஒன்று 3ஆம் சிலிண்டரில், ஒன்று ஆயிலில், இன்னொன்று ஃபேன் உள்ளிழுக்கும் வாய்க்கு முன்னால். வாஷர் வகைத் தெர்மோகப்பிள் போடும்போது பிளக்கின் சொந்த வாஷரை எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிளக் உள்ளே முழுதாக இறங்காது.

அழுத்தத்துக்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூப் ஐந்து மீட்டர். ஒரு பலகையில் 1க்கு 5 சாய்வில் அதைப் பொருத்தி, தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து ஊற்றினால் மானோமீட்டர் தயார். சாய்வு இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் நீர் அழுத்தம் டியூபில் ஐந்து மில்லிமீட்டராகத் தெரியும். பலகையை வண்டியின் குறுக்குவாட்டில் கட்ட வேண்டும். நீளவாட்டில் கட்டினால் பிரேக் தொடும்போதெல்லாம் தண்ணீர் ஓடிவிடும். டியூபில் குமிழ் ஒன்று நின்றாலும் அளவு பொய். எஞ்சினை நிறுத்தியபின் தண்ணீர் பழைய கோட்டுக்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பார்க்க வேண்டும். டியூபின் மறுமுனை, பக்கவாட்டில் நான்கு துளையிட்டு ஸ்பாஞ்ச் அடைத்த சின்ன மருந்துக் குப்பிக்குள் போகிறது. அந்தக் குப்பியை எஞ்சின் அறை மூலையில், ஃபேன் வாய்க்கு நேராக இல்லாமல் கட்ட வேண்டும். நேராக வைத்தால் காற்றின் வேகமும் சேர்ந்து அளவைக் கெடுக்கும்.

மானோமீட்டரின் இன்னொரு கால் எங்கே போக வேண்டும் என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். மூடிய பாட்டிலில் காற்றை அடைத்து அதை ஒப்பீட்டு அழுத்தமாக வைக்கக் கூடாது. பாட்டில் ஒரே ஒரு டிகிரி சூடானால் போதும், சுமார் 33 மில்லிமீட்டர் நீர் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடும். நாம் தேடுவதோ பத்து மில்லிமீட்டர். வண்டியின் உள் அறையும் நம்பத்தக்கதல்ல, ஜன்னல் இறக்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே நேராக அளந்தார்கள்: எஞ்சின் அறைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒருமுறை, எஞ்சின் அறைக்கும் கீற்றுத் துளைகளின் வெளிப்பக்கத்துக்கும் நடுவே ஒருமுறை.

உல்லன் நூல் எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் அறுபது துண்டு, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் பின் கண்ணாடியிலும் மூடியிலும் ஒட்டப்பட்டது. பின்னால் வரும் காரில் பயணி இருக்கையில் உட்கார்ந்தவர் கைபேசியில் படமெடுத்தார்.

சந்துகளைக் கண்டுபிடிக்க ஊதுபத்தியைக் கொண்டுபோவது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. கார்புரேட்டருக்கு அருகில் நெருப்பு எந்த வடிவத்திலும் கூடாது. ஈர்க்குச்சி நுனியில் பத்து சென்டிமீட்டர் தையல் நூல் கட்டி, எஞ்சின் 2,500 சுற்றில் ஓடும்போது தகட்டு விளிம்புகளின் மேல் மெதுவாக நகர்த்தினால் போதும். சந்து இருக்கும் இடத்தில் நூல் துள்ளி எழுந்து ஃபேனைப் பார்க்கத் திரும்பும். பெல்ட்டுக்கும் கப்பிக்கும் அருகே கை போகவே கூடாது. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அந்த நேரத்தில் உடம்பில் வேண்டாம்.

சாலையும் நேரமும்

ஓட்டங்கள் எல்லாம் தஞ்சாவூர்–திருச்சி நாற்கரச் சாலையில், வல்லத்துக்கும் செங்கிப்பட்டிக்கும் நடுவே, காலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள். அதற்குமேல் காற்று எழும்பிவிடும். வல்லம் பக்கம் மேட்டு நிலம், டெல்டா வயல்வெளிபோல முழுச் சமதளம் இல்லை. அதனால் போக ஒன்று, வர ஒன்று ஓட்டி, சராசரிதான் எடுக்கப்பட்டது. 20 நிமிடம் எஞ்சினைச் சூடேற்றிவிட்டு, நான்காம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து நிமிடம் மாறாமல் பிடித்து, கடைசி இரண்டு நிமிடத்தில் அளவு எடுப்பது முறை. அந்த வேகத்தில் இந்த வண்டியின் எஞ்சின் 2,600 சுற்று. அளவெடுப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். வெளிவெப்பம் தினமும் மாறுவதால், கீழே வரும் எண்கள் எல்லாம் வெளிவெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான்.

முதல் அளவுகள்

முட்டுக் கொடுத்த குழாய்த் துண்டுகளை எடுத்து, எஞ்சின் மூடியை ஒழுங்காகச் சாத்தி, மற்றதை அப்படியே விட்டு ஓட்டியபோது ஃபேன் வாயில் காற்று வெளியைவிட 19 டிகிரி சூடு. ஆயில் 91 டிகிரி மேலே, 3ஆம் சிலிண்டர் 196, 1ஆம் சிலிண்டர் 171. எஞ்சின் அறை, அடிப்பகுதியைவிட 9 மில்லிமீட்டர் குறைந்த அழுத்தத்தில் இருந்தது.

முட்டு வைத்தபோது அழுத்த வித்தியாசம் 4 மில்லிமீட்டராகக் குறைந்தது. காற்று சிரமமில்லாமல் நுழைகிறது என்பது உண்மைதான். எந்தக் காற்று என்பதுதான் கேள்வி. ஃபேன் வாயில் 27 டிகிரி, ஆயில் 97, 3ஆம் சிலிண்டர் 204. மூடியின் கீழ்விளிம்பில் ஒட்டிய நூல்கள் வெளியே பறக்காமல் உள்ளே வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்றில் சிலிண்டரிலிருந்து இறங்கிய சூடும் சைலன்சர் புகையும் கலந்திருக்கும். திறந்த விளிம்பு அதைத்தான் உறிஞ்சியது. அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு உண்டு. எஞ்சின் அறையிலிருந்து உள் அறைக்குப் போகும் பழைய ஹீட்டர் வழிகள் மூடப்படாத வண்டியில் இது சூட்டுப் பிரச்சினையைவிடப் பெரிது. முட்டு அன்றே கழற்றப்பட்டது.

நூல் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடியின் மேல்பாதியில் நூல்கள் சீராகக் கீழ்நோக்கிப் படிந்திருந்தன. கீற்றுத் துளைகளுக்குச் சற்று மேலே வந்ததும் தடுமாறின. சில மேல்நோக்கித் திரும்பின. 80 கிலோமீட்டர் வேகத்தில் நேர்முகக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் நீர். அதில் ஒரு பங்கையாவது பிடிக்கலாம் என்று மூடிமேல் முன்புறம் நோக்கிய காற்றுவாய் வைக்க ஒரு யோசனை இருந்தது. காற்று தானே தடுமாறும் இடத்தில் வாயைத் திறந்து வைத்து என்ன பயன்? அந்த யோசனை கைவிடப்பட்டது. தகடு வெட்டுவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாயிற்று.

உடைப்பை அடைத்தது

ஈர்க்குச்சி நூல் காட்டிய இடங்கள் மூன்று. சைலன்சருக்கு நேர் மேலே உள்ள பின் தகட்டில், ஹீட்டர் குழாய் போக இருந்த 60 மில்லிமீட்டர் வட்டத் துளைகள் இரண்டும் திறந்தே கிடந்தன. விளிம்பு ரப்பர் காய்ந்து உதிர்ந்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 மில்லிமீட்டர் சந்து. இரண்டையும் கூட்டினால் நூறு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 9 மில்லிமீட்டர் அழுத்த வித்தியாசத்தில் இந்தச் சந்து வழியாக நொடிக்குச் சுமார் 75 லிட்டர் சூட்டுக் காற்று ஏறும் என்று கணக்கு வருகிறது. 2,600 சுற்றில் ஃபேன் எடுப்பதே 325 லிட்டர் அளவில்தான். ஃபேன் குடிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவு என்றால் 19 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை.

மூன்றாவது இடத்தில் கசிவு எதிர்த்திசையில். ஃபேன் கூட்டிலிருந்து ஹீட்டருக்குக் காற்று தரும் இரண்டு குழல்களும் வெறுமனே எஞ்சின் அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தன. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அது.

துளைகளுக்கு 1 மில்லிமீட்டர் ஜி.ஐ. தகட்டில் மூடி வெட்டி, 4 மில்லிமீட்டர் ரிவெட் அடித்து, விளிம்பில் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் தடவப்பட்டது. அலுமினிய டேப் ஒட்டினால் ஆயில் பட்டதும் உரிந்து, உரிந்த துண்டு ஃபேனுக்குள் போகும். ஸ்பாஞ்ச் அடைப்பது அதைவிட ஆபத்து. பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும். விளிம்புக்கு பீட்டிலுக்கென்றே வரும் ரப்பர் கிடைத்தால் அதுதான் சரி. கார் கதவுக்குப் போடும் சாதாரண பீடிங் சைலன்சர் பக்கம் மூன்று மாதத்தில் பொரிந்துவிடும். மற்றப் பக்கங்களுக்குப் பரவாயில்லை. மினுக்கும் குரோம் தகடுகள் இரண்டு போட்டிருந்தார்கள். அவை உடம்போடு ஒட்டவே இல்லை. பழைய கறுப்புத் தகடுகளைத் தட்டி நிமிர்த்திப் போட்டதும் ஒட்டியது. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் இந்தத் தட்டல் வேலை நடந்தது. தகட்டின் விளிம்பை மடித்துத் திருப்புவதில் அவர்களுக்கு இருக்கும் கை கார் டிங்கரிங் கடைகளில் கிடைப்பது அபூர்வம்.

இந்த அடைப்பு மட்டும் முடிந்து ஓட்டியபோது: ஃபேன் வாயில் 5 டிகிரி, ஆயில் 79, 3ஆம் சிலிண்டர் 178, 1ஆம் சிலிண்டர் 158. புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை.

கூட்டுக்கு உள்ளே

அடுத்து ஃபேன் கூட்டைக் கழற்றினார்கள். உள்ளே ஆயில் கூலரின் தலையில் ஒரு விரற்கடை கனத்துக்கு மெத்தைபோல ஏதோ படிந்திருந்தது. திருப்புளியால் கிளறினால் கம்பளிபோலப் பிய்ந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உமி, பதர், வைக்கோல் தூசு. எல்லாவற்றையும் ஆயில் கசிவு ஒட்டிப் பிடித்திருந்தது. தை மாதம் சம்பா அறுவடையில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும்; அறுவடை இயந்திரம் ஓடும் வயலோரம் போனால் பதர் மழைபோல விழும். நொடிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை உறிஞ்சும் ஃபேனுக்கு இதில் பங்கு இல்லாமல் போகாது. இந்த எஞ்சினின் பழைய வகைக் கூட்டில் ஆயில் கூலர் 3ஆம் சிலிண்டருக்கு நேர் மேலே, காற்று வழியிலேயே நிற்கிறது. கூலர் அடைந்தால் ஆயிலும் சுடும், 3ஆம் சிலிண்டரும் பட்டினி கிடக்கும்.

சிலிண்டர்களுக்கு அடியில், வால்வுகளை இயக்கும் கம்பிகள் போகும் புஷ்ராடு குழாய்களுக்கு நடுவே பொருத்த வேண்டிய வளைதகடுகளைக் காணவில்லை. எஞ்சின் மாற்றியபோது தேவையில்லாத பொருள் என்று ஓரம் வைத்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் காற்று சிலிண்டரின் மேல்பக்கத்தைத் தொட்டுவிட்டு நேரே கீழே விழும். அடிவயிறு சுட்டபடியே இருக்கும். சிலிண்டர் ஹெட் புதிதாக வார்த்தது. ஃபின்களுக்கு நடுவே வார்ப்புப் பிசிறு மூடியிருந்த இடங்களை மெல்லிய அரத்தால் திறக்க வேண்டியிருந்தது. நான்கு பிளக் வயர்களிலும் தகட்டுத் துளையை மூடும் ரப்பர் வளையம் இல்லை. கூட்டுக்குள் அழுத்தம் அங்கேயும் கசிந்தது. இவற்றையெல்லாம் சரிசெய்து, ஹீட்டர் குழல்களையும் மூடியபின் ஆயில் 74, 3ஆம் சிலிண்டர் 166, 1ஆம் சிலிண்டர் 149.

3க்கும் 1க்கும் இன்னும் 17 டிகிரி வித்தியாசம். இதைத் தீர்க்கத்தான் ஃபோக்ஸ்வாகன் 1971 மாடலிலிருந்து ஆயில் கூலரைக் கூட்டுக்கு வெளியே ஒரு தனி அறையில் வைத்து, ஃபேனையும் அகலமாக்கியது. நாய்க்கூண்டு போல முதுகில் புடைத்திருப்பதால் மெக்கானிக்குகள் அதை டாக் ஹவுஸ் என்பார்கள். இந்த வண்டிக்கு அது போடப்பட்டது. கூடு, அகல ஃபேன், பின் தகடு, கூலர், அதன் தாங்கி எல்லாம் ஒரே தொகுப்பாக வாங்க வேண்டும். பழைய ஃபேனைப் புதுக் கூட்டில் போட்டால் இடைவெளி பொருந்தாது. ஃபேனுக்கும் அதன் தகட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் போல இருக்க வேண்டும். உரசினால் வளையம் சேர்த்துத் திருத்தலாம். கூலரைக் கடந்த சூட்டுக் காற்றை வண்டிக்கு அடியில் கொண்டுவிடும் சின்னத் தகட்டுக் குழல் ஒன்று தொகுப்பில் வரும். அது விட்டுப்போனால் ஆயிலின் சூடு முழுவதும் குளிர் அறைக்கே திரும்பி வரும்; செலவு செய்து உடைப்பை மறுபடி வெட்டியதாகிவிடும். எஞ்சின் சூடேறும்வரை காற்றை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டும் அதன் மடல்களும் திரும்பப் பொருத்தப்பட்டன. நம் ஊரில் குளிர் ஏது என்று அவற்றைப் பிடுங்கிவிடுவது வழக்கம். ஆனால் திறந்த நிலையில் அந்த மடல்கள் காற்றை ஓரத்துச் சிலிண்டர்களுக்கும் திருப்பிவிடுகின்றன. அளவு: ஆயில் 68, 3ஆம் சிலிண்டர் 152, 1ஆம் சிலிண்டர் 149.

கடைசியில் மூடி

இப்போதுதான் உள்ளே வரும் வழியைப் பெரிதாக்குவதில் அர்த்தம் இருக்கிறது. பீட்டிலின் பிற்கால மாடல்களில் மூடியிலேயே கீற்றுத் துளைகள் உண்டு. அப்படிப்பட்ட மூடி ஒன்று மாட்டப்பட்டது. நின்ற நிலையில் 3,500 சுற்றில் அறையின் அழுத்தக் குறைவு 14 மில்லிமீட்டரிலிருந்து 7ஆக இறங்கியது. ஓடும்போது பலன் சொற்பம்: ஆயில் 66, 3ஆம் சிலிண்டர் 150. எல்லா மாற்றங்களிலும் கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றுதான், சூட்டைக் குறைத்ததில் கடைசி இடமும் இதற்குத்தான்.

ஆனாலும் இது வீண் செலவு இல்லை. எஞ்சினை நிறுத்தியதும் ஃபேனும் நிற்கிறது. அப்போது சூடு தானாக மேலே ஏறி, மூடிக்குக் கீழே தேங்கி, கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. ரயில்வே கேட்டில் சண்டித்தனம் செய்ததற்குக் காரணம் அதுதான். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கார்புரேட்டர் அருகே பழைய மூடியில் 71 டிகிரி, துளை மூடியில் 62. கேட்டில் நின்று கிளம்பும் தொல்லை அதோடு போயிற்று.

துளை மூடியில் மழை நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழும். ஐப்பசி அடைமழையில் இது சாதாரண விஷயமில்லை. மூடியின் உட்புறம் 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு ஒன்று, துளைகளிலிருந்து 40 மில்லிமீட்டர் இறக்கி, பக்கவாட்டில் காற்றுக்கு வழிவிட்டு, மூலையில் 12 மில்லிமீட்டர் வடிகுழாயோடு பொருத்தப்பட்டது. தட்டு வைத்தபின் மறுபடி அளந்ததில் அழுத்தக் குறைவு 7லிருந்து 8 ஆனது, அது பாதகமில்லை.

உமிக்கு வலை போடலாமா என்று இரண்டு வலை வைத்துப் பார்த்தார்கள். கொசுவலை உமியை நிறுத்தும்; ஆனால் வைக்கோல் கிடக்கும் சாலையில் இருபது கிலோமீட்டர் போனதும் தானே அடைந்துகொண்டு 15 மில்லிமீட்டருக்கு இழுத்தது. 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை வைக்கோலைத் தடுக்கும், உமியை விட்டுவிடும். கம்பிவலைதான் வைத்திருக்கிறது. உமிக்கு மருந்து அறுவடைக் காலத்தில் மாதம் ஒருமுறை கூலரைப் பார்ப்பது. வண்டிக்கு அடியிலிருந்து மேல்நோக்கிக் கம்ப்ரஸர் காற்று அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் படிந்ததை இன்னும் உள்ளே திணிப்பதாகும். ஆயில் கசிவை நிறுத்துவதும் அதே வேலையின் மறுபாதி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஃபின்னில் உமி நிற்பதில்லை.

நடுப்பகல் 38 டிகிரி வெயிலில் தஞ்சாவூர்–கும்பகோணம் முழுத் தூரம் ஓட்டியதில் ஆயில் 105ஐத் தாண்டவில்லை. கடைசி ஓட்டத்தில், சரிபார்ப்புக்காக, சைலன்சருக்கு மேலே உள்ள இரண்டு மூடிகளில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அதே வல்லம் சாலையில் ஓட்டினார்கள். ஃபேன் வாயில் வெப்பம் 4லிருந்து 11க்கு ஏறியது. அந்த மூடி மறுபடி ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டது.